கைராசி என்று நாம் சொல்வது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை வாசகர் கடிதப் பகுதியில் நெல்லிக்குப்பம் நண்பர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். ஒவ்வொரு உறுப்புக்கும் தனி டாக்டர் வந்துவிட்ட காலத்தில் தெருமுனை கிளினிக்கில் போய் உட்கார்ந்து நேரத்தை வீணாக்க வேண்டாம், நேராகச் சிறப்பு மருத்துவரிடம் போய்விடுங்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். தன் வீட்டில் நடந்த ஒரு கஷ்டத்தை வைத்துத்தான் அவர் எழுதியிருந்தார், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் படித்ததிலிருந்து மனசு ஒப்பவில்லை, அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், முடிந்தவரை வெட்டாமல் போடுங்கள்.

மஞ்சக்குப்பத்தில் 26 வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கடையை ஒட்டினாற்போல ஒரு கிளினிக் இருந்தது. எம்.பி.பி.எஸ். மட்டும் படித்த டாக்டர், காலையில் நான்கு மணி நேரம், சாயங்காலம் நான்கு மணி நேரம், ஞாயிறு லீவு. வயது 74 ஆகி, கண்ணும் முன்போல இல்லாததால் இரண்டு மாதத்துக்கு முன் கிளினிக்கை மூடிவிட்டு மகள் வீட்டோடு கோயம்புத்தூர் போய்விட்டார். பெயரைப் போட வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. எங்கள் தெருக்காரர்களுக்கு அவர் 'கைராசி டாக்டர்'. அந்தக் கைராசி என்பது என்ன என்று இத்தனை வருடம் கல்லாவுக்குப் பின்னால் நின்று பார்த்தவன் என்ற முறையில்தான் பேசுகிறேன்.

ஒரு அக்கா, சாலையோரம் மீன் விற்கிறவர். (இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டேன், பெயர் போடாமல் எழுது தம்பி என்றார்.) அவருக்குப் பிரஷர். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பார்த்து முதலில் ஒரு மாத்திரை, குறையவில்லை என்று இரண்டாவது, அதுவும் போதாது என்று மூன்றாவது என எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதில் ஒன்று நீர் பிரிய வைக்கிற மாத்திரை, காலையில் போட வேண்டியது. நானும் மாதாமாதம் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன், பிரஷர் இறங்கவே இல்லை. ஒருநாள் வேறு எதற்கோ, காலில் முள் குத்திச் சீழ் வைத்ததற்கு என்று நினைக்கிறேன், பக்கத்து கிளினிக்குக்குப் போயிருக்கிறார். டாக்டர் காலைச் சுத்தம் செய்துகொண்டே, "ஏம்மா, காலையில எத்தனை மணிக்குக் கூடையைத் தூக்குற, எங்க உட்கார்ந்து விக்கிற, எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவ?" என்று கேட்டாராம். ஐந்து மணிக்குத் துறைமுகம், ஏழு மணியிலிருந்து ரோட்டோரம், மதியம் இரண்டு மணிக்கு வீடு. "அங்க ஒதுங்குறதுக்கு இடம் இருக்கா?" இல்லை. "அப்ப அந்த மாத்திரையை என்ன பண்ற?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொல்லியிருக்கிறார்: போட்டால் அடிக்கடி வருது, ஆம்பளைங்க நடமாடுற ரோட்டுல நான் எங்க போவேன், அதனால போடுறதே இல்ல டாக்டரய்யா.

ஆஸ்பத்திரி டாக்டர்களும் நானும் பார்த்தது சீட்டை. அவர் பார்த்தது அந்த அக்கா உட்கார்கிற ரோட்டை. மாத்திரையை மாற்றினார், போடுகிற நேரத்தையும் மாற்றினார். அப்புறம், "கருவாடு சாப்பிடாதேன்னு சொல்ல மாட்டேன், நீ கேக்கவும் மாட்ட, ஆனா ரெண்டு மூணு தண்ணியில ஊற வச்சு அலசிட்டுக் குழம்புல போடு" என்று சொல்லி அனுப்பினார். இரண்டு மாதத்தில் பிரஷர் கட்டுக்குள் வந்தது. இதற்கு ஸ்கேன் எதுவும் எடுக்கவில்லை.

அவரிடம் இன்னொரு பழக்கம் உண்டு. நோயாளி பேச ஆரம்பித்தால் பேனாவை மூடிவைத்துவிட்டு முகத்தைப் பார்த்துக் கேட்பார், குறுக்கே பேச மாட்டார். வெளியே பெஞ்சில் கூட்டம் இருக்கும்போது இது எப்படி முடிகிறது என்று ஒருநாள் கேட்டேன். அவர் சொன்னதை அப்புறம் நர்சிங் படிக்கிற என் மகளும் தேடிப் பார்த்துச் சரிதான் என்றாள். 1984-ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு செய்திருக்கிறார்கள். நோயாளி தன் குறையைச் சொல்ல ஆரம்பித்து சராசரியாக 18 விநாடியில் டாக்டர் குறுக்கிட்டுவிடுகிறாராம். சரி, குறுக்கிடாமல் விட்டால் மணிக்கணக்கில் பேசுவார்களா? 2002-ல் சுவிட்சர்லாந்தில் அதையும் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சராசரியாக 92 விநாடி. நூற்றுக்கு 78 பேர் இரண்டு நிமிடத்துக்குள் தாங்களே நிறுத்திவிடுகிறார்கள். ஒன்றரை நிமிடம்தான் சார். அந்த ஒன்றரை நிமிடத்தைக் கொடுக்காமல்தான் ஆயிரக்கணக்கில் டெஸ்ட் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அப்படியும் சில பேர் உள்ளே சொல்ல மாட்டார்கள். தலைவலி, மேலுக்கு முடியல, வாய்வு என்று எதையோ சொல்லி மருந்து எழுதி வாங்கி, எழுந்து கதவுவரை போய்த் திரும்பி, "அப்புறம் டாக்டர், இன்னொண்ணு..." என்று இழுப்பார்கள். அதுதான் வந்த காரியமாக இருக்கும். மார்பில் கட்டி தட்டுப்படுகிறது என்பதும், மகன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்பதும், கல்யாணமாகி நாலு வருடமாகக் குழந்தை இல்லை என்பதும் அந்தக் கதவருகில்தான் வெளியே வரும். அந்த 'இன்னொண்ணு' கேட்டதும் அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிடாமல் "வாங்க, உட்காருங்க" என்பார் என்று கம்பவுண்டர் சொல்வார். முதல் தடவை பார்க்கிற டாக்டரிடம் யாரும் கதவருகில் நின்று திரும்ப மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் அடித்ததை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன, கம்பங்கள் விழுந்து எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர பத்து நாளுக்கு மேல் ஆனது. மறுநாள் காலையில் டாக்டர் கடைக்கு வந்து, மாத்திரை அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். யார் யார் வீட்டில் இன்சுலின் போடுகிறார்கள், யார் வீட்டில் மூச்சிரைப்புக்குக் கரண்டில் ஓடுகிற நெபுலைசர் வைத்திருக்கிறார்கள் என்று ஞாபகத்திலிருந்தே 17 வீடு எழுதினார். ஃபைலும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. "ஃப்ரிட்ஜ் ஓடலைன்னதும் இன்சுலின் கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போட்டுடுவாங்க தம்பி. மார்கழி குளிருக்கு ஒண்ணும் ஆகாது, வெயில் படாம மண்பானைக்குள்ள வச்சா போதும், ஒரு மாசம் தாங்கும்னு போய்ச் சொல்லு" என்றார். நெபுலைசர்காரர்களுக்குக் கையால் அழுத்தி இழுக்கிற பம்ப் கொடுத்துவிட்டார். சைக்கிளை மரக்கிளைகளுக்கு மேல் தூக்கிக்கொண்டு நான்தான் போனேன். தேவனாம்பட்டினத்தில் ஒரு பெரியவர் வீட்டில் ஓடே இல்லை. இன்சுலின் பாட்டிலைக் குப்பையில் போட்டுவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் 'புது பாட்டில் கொண்டு போ' என்று எழுதியிருந்தார். எப்படித் தெரியும் என்று பிறகு கேட்டேன். "அவரு பயந்த சுபாவம், அந்தம்மா இருந்தவரை அந்தம்மாதான் ஊசி போடும்" என்றார்.

கைராசி என்ற வார்த்தையை ஒருநாள் நானே அவரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. லண்டனில் இருந்த மைக்கேல் பாலிண்ட் என்ற ஒரு டாக்டரைப் பற்றிச் சொன்னார். ஹங்கேரியில் பிறந்தவர். 1950-களில் அந்த ஊர்க் குடும்ப மருத்துவர்களைக் கூட்டி உட்காரவைத்து, உங்களுக்குப் பிடிபடாத நோயாளி யார், அவரைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று பேச வைத்தவராம். குடும்ப மருத்துவத்தில் அதிகமாகக் கொடுக்கப்படுகிற மருந்து டாக்டர்தான், ஆனால் அந்த மருந்தை எந்த அளவில், எத்தனை வேளை கொடுக்க வேண்டும், அதன் பக்க விளைவு என்ன என்று எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை என்று அவர் சொன்னாராம். ஒவ்வொரு அட்டையிலும் அளவும் காலாவதி தேதியும் பார்த்துப் பார்த்தே பழகிய எனக்கு அது நெஞ்சில் அப்படியே நின்றுவிட்டது.

நெல்லிக்குப்பம் நண்பர் சொன்னதில் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. எதற்கெடுத்தாலும் ஒரு ஊசி, நான்கு கலர் மாத்திரை, கூடவே யாருக்கும் சொல்லாமல் ஒரு ஸ்டீராய்டு என்று கொடுத்து இரண்டு நாளில் எழுந்து நடக்க வைத்து, உள்ளே இருக்கிற நோயை வளரவிட்ட கிளினிக்குகளை நானும் பார்த்திருக்கிறேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியவரை அனுப்பாமல் வைத்துக்கொள்வது பாவம். ஆனால் ஊசி போடுங்க என்று அடம்பிடிக்கிறவர்கள் நாம்தான் என்பதையும் சொல்ல வேண்டும். வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று எழுதாமல் அனுப்பிய டாக்டரைத் திட்டிக்கொண்டே என் கடைக்கு வந்து, அந்த மாத்திரையை நீயே கொடு என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர். எங்கள் டாக்டர் மறுத்தால் மூன்றாம் நாள் வந்து காட்டச் சொல்லி மறுப்பார், அந்த மூன்றாம் நாளுக்குப் பீஸ் வாங்க மாட்டார். அவரை நம்பி ஜனங்கள் ஊசி இல்லாமல் திரும்பிப் போனதற்குக் காரணம் அந்த மூன்றாம் நாள்தான்.

இனி என் வீட்டு விஷயம். அம்மாவுக்கு 71 வயது, பண்ருட்டியில் அண்ணன் வீட்டில் இருக்கிறார், 15 வருடமாகச் சர்க்கரை. ஒரு ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று யாருக்கும் சொல்லாமல் வேறொரு ஆஸ்பத்திரிக்கும் போக ஆரம்பித்திருக்கிறார். இரண்டு இடத்திலும் சர்க்கரையைக் குறைக்கிற கிளிமிபிரைடு என்ற ஒரே மருந்தை எழுதியிருக்கிறார்கள், கம்பெனிப் பெயர் வேறு, மாத்திரையின் கலர் வேறு. அம்மா இரண்டையும் ஒழுங்காகப் போட்டிருக்கிறார். ஒருநாள் விடிகாலை நாலு மணிக்கு உடம்பெல்லாம் வேர்த்து, கூப்பிட்டால் பதில் இல்லை. 108-ல் ஏற்றிப்போகும்போது பார்த்தால் சர்க்கரை 38-க்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். இரண்டு டாக்டரும் தங்கள் தங்கள் பக்கத்தில் தப்பாக எதுவும் எழுதவில்லை. மருந்துக்கடைக்காரனின் அம்மாவுக்கு இப்படி ஆனது என்பதை என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

அம்மாவைக் கடலூருக்கு அழைத்து வந்தேன். டாக்டர் சொன்னது: "வீட்டுல இருக்கிற அத்தனை மாத்திரையையும், பழசு புதுசு பாக்காம ஒரு மஞ்சப்பையில போட்டுக் கொண்டு வா." மேஜையில் கொட்டினால் 14 அட்டை. ஒவ்வொன்றாக எடுத்து, "இது எதுக்கும்மா போடுறீங்க?" என்று அம்மாவையே கேட்டார், என்னைப் பேச விடவில்லை. நாற்பது நிமிடம். ஆறு அட்டையை ஒதுக்கி வைத்தார். கடைசியில், "உங்களுக்கு என்னம்மா பயம்?" என்றார். அம்மா அழுதுவிட்டார். முதல் ஆஸ்பத்திரியில் கிட்னி டெஸ்ட் எடுக்கணும் என்று சொல்லியிருக்கிறார்கள். என் சின்னம்மா டயாலிசிஸில் கிடந்து செத்துப்போனவர். தனக்கும் அதுதான் என்று முடிவு செய்துகொண்டு, இந்த டாக்டர் வேண்டாம், கிட்னியைப் பற்றிப் பேசாத டாக்டராகப் பார்ப்போம் என்று போயிருக்கிறார். இது எங்கள் யாருக்கும் தெரியாது. டெஸ்ட் எடுத்தோம், வயசுக்கு ஏற்றபடி நன்றாகத்தான் இருந்தது. என்ன நோய் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், எதற்குப் பயப்படுகிறீர்கள், நான் என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்ற மூன்று கேள்வியையும் பிரிட்டனில் குடும்ப மருத்துவப் பயிற்சியிலேயே சொல்லித்தருகிறார்களாம். நம் ஊரில் இதை யார் யாருக்குச் சொல்லித்தருகிறார்கள்?

சிறப்பு மருத்துவர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நெஞ்சடைப்பு வந்தவரைக் கோரிமேடு ஜிப்மருக்கோ வேறெங்கோ ஏற்றிப்போக எத்தனை முறை நானே ஆட்டோ பிடித்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் எங்கே போக வேண்டும், எப்போது போக வேண்டும், அங்கே கொடுத்த ஐந்து சீட்டையும் ஒன்றாகப் படித்து எதை நிறுத்த வேண்டும் என்று சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். விடிகாலை முதல் பஸ்ஸில் ஃபைலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போகிற பாதிப்பேருக்குத் தாங்கள் எந்தப் பிரிவில் வரிசை நிற்க வேண்டும் என்பதே தெரியாது.

நார்வே நாட்டில் 2001-லிருந்து ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி ஒரு குடும்ப மருத்துவர் உண்டு. அங்கே சுமார் 45 லட்சம் பேரை வைத்துச் செய்து 2022-ல் வெளியான ஆய்வில், ஒரே டாக்டரிடம் 15 வருடத்துக்கு மேல் இருப்பவர்களை, ஒரே டாக்டரிடம் ஒரு வருடம் மட்டுமே இருந்தவர்களோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர்வது 28 சதவீதம் குறைவு, இறப்பு 25 சதவீதம் குறைவு. இப்படி இறப்பைக் குறைத்தது ஒரு மாத்திரையாக இருந்திருந்தால் எந்தக் கம்பெனியும் சும்மா இருந்திருக்காது, ரெப் தினம் வந்து என் கடை வாசலில் நின்றிருப்பார்.

அதனால்தான் கேட்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிற நல்ல டாக்டர்கள் ஊர் ஜனங்களின் முகம் பழகுவதற்குள் மேல்படிப்புக்கோ மாறுதலிலோ போய்விடுகிறார்கள். ஐந்தாறு வருடமாவது ஒரே இடத்தில் இருக்க விரும்புகிற டாக்டருக்குச் சம்பளத்திலும் பதவி உயர்விலும் அரசு ஏதாவது செய்யக்கூடாதா? குடும்ப மருத்துவத்தில் மேற்படிப்பைப் பரவலாக்க வேண்டும் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கையிலேயே இருக்கிறது. சிதம்பரத்தில் இருக்கிற நம் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியில் அதற்கு முக்கிய இடம் வேண்டும். எம்.பி.பி.எஸ். பிள்ளைகள் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்துப் போய்ப் பார்த்து வர வேண்டும் என்று இப்போது பாடத்திட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள், எனக்கு அதில் பெரிய நம்பிக்கை. ஃபோட்டோ எடுத்து நோட்டில் ஒட்டுவதோடு அதை முடித்துவிடாமல், அந்த வீட்டில் யார் சமைக்கிறார்கள், யார் சம்பாதிக்கிறார்கள், மாத்திரை எங்கே இருக்கிறது என்று அவர்களைக் கேட்கப் பழக்குங்கள். 2021-ல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. எத்தனையோ வயசானவர்களுக்கு அது பெரிய உதவி என்று மருந்து விற்கிற நானே சொல்கிறேன். கொடுக்க வருகிற அந்தப் பெண்கள் போன மாத அட்டையில் எத்தனை மாத்திரை மிச்சம் இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்து, மிச்சமிருந்தால் ஏன் என்று கேட்டு, அதை டாக்டரிடம் போய்ச் சொல்ல வழி செய்தால் இன்னும் நல்லது.

கிளினிக் பூட்டியிருப்பது தெரிந்தும் ஜனங்கள் இன்னும் வருகிறார்கள். பூட்டைப் பார்த்துவிட்டு என் கடைப் படியில் உட்கார்ந்து, தம்பி, நெஞ்சு படபடன்னு அடிக்குது, எங்க போகட்டும் என்று கேட்கிறார்கள். நான் டி.ஃபார்ம் படித்தவன், வைத்தியம் சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டேன். போன வாரம் அந்த மீன்கார அக்காவும் வந்தார். வேறொரு இடத்தில் பார்த்து மாத்திரையை மறுபடியும் மாற்றி எழுதியிருந்தார்கள், பழைய நீர் மாத்திரை திரும்ப வந்திருந்தது. அவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். சீட்டில் இருந்ததை வரிசையாகப் படித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டாக்டர் மருந்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அந்தம்மா உட்கார்ற இடத்துல இப்பவாவது ஒரு கழிப்பறை கட்டியிருக்காங்களா தம்பி?" என்று கேட்டார்.

இன்னும் இல்லை என்று சொன்னேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக்கடைக்காரர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.